எழுபத்தாறா, அறுபத்தாறா? ஒரு பேச்சுப் பதிவைச் சுத்தம் செய்தபோது நடந்தது

"அண்ணே, நீங்க அனுப்புன ரெண்டு ஃபைல்லயும் வருஷம் வேற வேறயா இருக்கே. எதைப் போடட்டும்?"

பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கித் தருபவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு கோப்புகளும் ஒரே பதிவிலிருந்து வந்தவை. இரைச்சலை நீக்கும் மாடலை (உதாரணங்களிலிருந்து கற்றுக்கொண்ட நிரலை) ஓட்டிக்கொண்டிருந்த கணினி முதல் நாள் பாதியில் நின்றுபோனது. மறுநாள் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டினேன். பழையதை அழிக்க மறந்து இரண்டையும் அனுப்பிவிட்டேன், அவ்வளவுதான். ஒன்றில் பெரியவர் "அறுவத்தாறுல வேலைக்குச் சேந்தேன்" என்கிறார். இன்னொன்றில் "எழுவத்தாறுல" என்கிறார். இரண்டும் அவர் குரல்தான். இரண்டிலும் துளி இரைச்சல் இல்லை. எதையாவது ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

அந்த ஒரு கேள்வியால் முடிந்துவிட்டதாக நினைத்த வேலையைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டிவந்தது.

பதிவு

ஒரு பேரன் தன் தாத்தாவைப் பேசவிட்டுக் கைபேசியில் பிடித்த 74 நிமிடங்கள். தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்; ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி சேர்த்த தலைமுறை. பதிவு செய்த சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். ஆகவே சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க ஆள் இல்லை. குடும்பத்துக்கு இரண்டு வேண்டியிருந்தது: காதுக்கு இதமாகக் கேட்கக்கூடிய ஒலி, அப்புறம் முழுப் பேச்சின் எழுத்து வடிவம்.

தலைக்கு மேல் மின்விசிறி. பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு பக்கத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்குகிறது. பாதிக்கு மேல் தகரக் கூரையில் மழை. அடுத்த அறையில் ஒரு குழந்தை அவ்வப்போது பேசுகிறது. தெருவில் வண்டி போகிறபோது ஹாரன். கைபேசி மேசையில் கிடந்தது, பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடியாக வரும் குரல் 6 டெசிபெல் குறையும். அறை முழுக்க நிறைந்திருக்கும் விசிறிச் சத்தமோ பெரிதாகக் குறையாது. கைபேசியைத் தூக்கி அவர் சட்டைப் பையில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முதலில் என் கைக்கு வந்தது செயலி வழியாக அனுப்பிய கோப்பு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பழைய கைபேசியில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். இருந்தது. அனுப்பும்போது ஒலியைச் சுருக்கும் நிரல் காதுக்குத் தேவையில்லை என்று நினைப்பதைத் தூக்கி எறியும். சுத்தமான பேச்சில் அது பெரும்பாலும் சரியாகவே தேர்ந்தெடுக்கும். மழையும் பேச்சும் கலந்திருந்தால், மழையை விவரிப்பதிலேயே அதன் பிட்டுகளில் பாதி கரைந்துபோகும். மெல்லிய மெய்யெழுத்துகள்தான் அடிபடும். இந்தத் துறையில் பாதிப் பிரச்சினை மூலக் கோப்பைத் தேடாததால் வருவது என்று எனக்கு ஒரு கட்சி உண்டு.

குறைக்க மட்டுமே தெரிந்த கருவிகள்

இரைச்சல் நீக்கத்தின் பழைய வழி எளிமையானது. பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சலின் அலைவரிசைகளை அளந்துகொள். பேச்சு வரும் இடத்தில் அந்த அளவைக் கழித்துவிடு. ஸ்டீவன் போல் 1979-இல் இதை முறையாக எழுதி வெளியிட்டார். விசிறி, மோட்டார் மாதிரி ஒரே சீராக ஓடுகிறவற்றுக்கு இன்றைக்கும் இது போதும். ஆனால் கழித்தது போக ஆங்காங்கே மிஞ்சும் துணுக்குகள் 'டிங் டிங்' என்று தண்ணீருக்கடியில் மணியடிப்பதுபோல் ஒலிக்கும். இசை இரைச்சல் என்றே அதற்குப் பெயர். 1984-இல் எஃப்ராயிமும் மாலாவும் புள்ளியியல் வழியில் அதைப் பெருமளவு அடக்கினார்கள். மழைக்கும் ஹாரனுக்கும் மட்டும் இந்த வகை எதுவும் சரிப்படவில்லை. அளந்து முடிப்பதற்குள் அவை மாறிவிடும்.

அடுத்த தலைமுறை நரம்பு வலையமைப்புகள். 2017-இல் ஜான்-மார்க் வாலின் வெளியிட்ட ஆர்என்நாய்ஸ் நல்ல உதாரணம். ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண்ணைக் கணிக்கிறது. இரைச்சல் மிகுந்த பட்டையை 0 பக்கம் இறக்கு, பேச்சு மிகுந்ததை 1 பக்கம் விடு. தண்ணீர்க் குழாய்த் திருகு மாதிரி. எதைத் திருகினாலும் குழாயில் வருவதைக் குறைக்கத்தான் முடியும், இல்லாததைக் கொண்டுவர முடியாது.

இந்த வகை மாடல் ஒன்றை முதலில் ஓட்டினேன். விசிறியும் மோட்டாரும் போயே போயின. மழைப் பகுதி தேவலாம் என்கிற அளவுக்கு வந்தது. ஹாரன் விழுந்த இடங்களில் சொற்கள் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மூடிக் கிடந்தன. குடும்பத்தினரிடம் மாதிரிக்கு ஒரு துண்டு அனுப்பினேன். "கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே" என்றார் பேரன். அது எனக்குக் குறையாகப் பட்டது. கிணற்றுச் சத்தத்துக்கும் ஒரு உபயோகம் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆக்கிக் கொடுக்கும் மாடல்

கிணற்றிலிருந்து வெளியே வர, டிஃப்யூஷன் வகை மாடலுக்குப் போனேன். பேச்சிலிருந்து இரைச்சலை ஆக்க மாடல்களால், அதாவது இருப்பதைக் குறைப்பதற்குப் பதில் சுத்தமான பேச்சைப் புதிதாக ஆக்கித் தரும் மாடல்களால், நீக்கும் முயற்சி 2017-இல் சீகன் என்ற எதிரெதிர் வலையமைப்பிலேயே (ஒன்று பேச்சை ஆக்கும், இன்னொன்று அது அசலா போலியா என்று சோதிக்கும்) தொடங்கிவிட்டது. டிஃப்யூஷன் வழியில் பலரும் பின்பற்றுகிற வடிவம் ஒன்று 2022-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகக் குழுவிடமிருந்து வந்தது. நான் எடுத்த கருவியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வேலை செய்யும் விதம் இப்படி. பயிற்சியின்போது சுத்தமான பேச்சை எடுத்து, படிப்படியாக அதன் இரைச்சல் பதிப்பை நோக்கி நகர்த்துவார்கள். கூடவே சீரற்ற எண்களையும் தூவுவார்கள். வலையமைப்பு அந்தப் பாதையில் பின்னோக்கி நடக்கக் கற்றுக்கொள்கிறது. ஓட்டும்போது நம் இரைச்சல் பதிவின் மேல் இன்னும் கொஞ்சம் சீரற்ற எண்களைத் தூவி, அங்கிருந்து சுமார் 30 படிகளில் சுத்தமான பேச்சை நோக்கி இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு முறை கணித்து, ஒரு முறை திருத்திக்கொண்டால் மொத்தம் 60 தடவை வலையமைப்பை ஓட்ட வேண்டும். சாதாரண மடிக்கணினியில் இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். என் கணினி பாதியில் நின்றதும் இதனால்தான்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு இந்த நிகழ்வுக்கு உயிர்நாடி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஹாரனுக்கு அடியில் ஓர் உயிரெழுத்து இருக்கிறது. அது 'எ'வாக இருக்கலாம், 'அ'வாகவும் இருக்கலாம். பிழையின் சராசரியைக் குறைக்கும்படி பழக்கப்பட்ட மாடல் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தரும். அது யாரும் உச்சரிக்காத மங்கலான ஒலி. நமக்கு அது கம்பளிக்குள் கேட்கும். ஆக்க மாடலுக்கு மங்கல் பிடிக்காது. சுத்தமான பேச்சு எப்படி இருக்கும் என்றுதான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், சுத்தமான பேச்சில் மங்கல் கிடையாது. ஆகவே அது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 'எ' என்றால் முழு 'எ', 'அ' என்றால் முழு 'அ'. எதைத் தேர்வது என்பதைத் தீர்மானிப்பதில் தொடக்கத்தில் தூவிய சீரற்ற எண்களுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அவை மாறும்.

இது ஒரு குறிப்பிட்ட நிரலின் பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேட்க இயல்பாக இருப்பதும் மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதும் ஓர் எல்லைக்கு மேல் சேர்ந்து வளராது, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்று 2018-இல் யோகாய் பிளாவும் டோமர் மிகேலியும் கணித வழியில் நிறுவினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது படங்களை வைத்து. பேச்சுக்கும் அதே கணக்குதான்.

சரி, வெளியீடு எப்படி இருந்தது? உண்மையைச் சொன்னால், பிரமாதம். பெரியவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது. மூச்சு வாங்குவது, நாக்கைச் சப்புக்கொட்டுவது எல்லாம் கேட்டது. பேரனுக்கு அனுப்பினேன். அவரால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் நான் அசந்துபோனேன்.

தொலைபேசிக்குப் பிறகு

அழைப்பு வந்த அன்று மாலை, அந்த நான்கு நொடித் துண்டை மட்டும் வெட்டி, சீரற்ற எண்களை மாற்றி மாற்றிப் பத்து முறை ஓட்டினேன். பத்தையும் தனித்தனிக் கோப்பாக்கி, பெயரை மறைத்து, கலைத்துப் போட்டு எழுத்தாக்கம் செய்பவருக்கு அனுப்பினேன். நானும் தனியே கேட்டேன். "-வத்தாறுல வேலைக்குச் சேந்தேன்" என்பது பத்திலும் ஒன்றுதான். முன்னால் வரும் அசைதான் அலைந்தது. சிலவற்றில் தெளிவான 'அறு'. சிலவற்றில் 'எழு'. ஒன்றிரண்டில் இரண்டுமில்லாத ஏதோ ஒன்று. மூலப் பதிவில் சரியாக அந்த இடத்தில்தான் ஹாரன்.

அதைவிட வியப்பு, 'தெளிவான அறு' என்று நான் எழுதியிருந்த ஒரு கோப்பை அவர் 'எழு' என்று எழுதியிருந்தார். மெதுவாக ஓட்டி, முன்னால் பின்னால் வெட்டி, அந்த அசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது அறுவும் இல்லை, எழுவும் இல்லை. 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவில் ஓர் உயிர், பின்னால் நாவை மடித்த மாதிரி ஓர் ஒலி. மாடலுக்குத் தமிழ் எண்கள் தெரியாது. அதற்குத் தெரிந்தது பேச்சொலி எப்படி ஒழுகும் என்பது மட்டும். பேச்சு போன்ற ஏதோ ஒன்றை அது வைத்தது. அதை ஓர் எண்ணாக மாற்றியது என் காது.

மனிதக் காது இப்படிச் செய்யும் என்பது பழைய செய்தி. 1970-இல் ரிச்சர்டு வாரன், ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே இருமலை ஒட்டி ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் சொல் முழுதாகவே கேட்டதாகச் சொன்னார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆக எங்கள் விஷயத்தில் இரண்டு ஊகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன: மாடல் ஊகித்த அசை, அதன்மேல் நாங்கள் ஊகித்த சொல். ஆனால் ஒரு வித்தியாசம். மூலப் பதிவில் ஹாரன் கேட்கும். 'இங்கே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை' என்ற எச்சரிக்கை கூடவே வரும். சுத்தம் செய்த பதிவில் எச்சரிக்கையையும் சேர்த்துத் துடைத்திருந்தோம்.

இந்த மாதிரி ஒன்றை வேறொரு துறையில் முன்பே பார்த்திருக்கிறோம். 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர், சில ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8. காரணம், ஒரே மாதிரித் தெரியும் எழுத்துத் துண்டுகளை ஒன்றாகக் கருதி, ஒன்றின் படத்தை இன்னொன்றின் இடத்தில் ஒட்டிச் சுருக்கும் முறை. எழுத்து மங்கியிருந்தால் யாராவது கண்ணைச் சுருக்கிப் பார்த்திருப்பார்கள். பளிச்சென்று இருந்ததால் பார்க்கவில்லை.

மழைக்குள் முணுமுணுப்பு

சந்தேகம் வந்த பிறகு 74 நிமிடத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்டேன். இரண்டு நாள் வேலை. ஆண்டுக் குழப்பம் மாதிரி பெரிதாக இல்லாவிட்டாலும் வேறு சில அகப்பட்டன.

பெரியவர் யோசித்தபடி அமைதியாக இருக்கும் இடங்களில், வெளியே மழை மட்டும் கொட்டும்போது, வெளியீட்டில் யாரோ தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது கேட்டது. சொல் எதுவும் இல்லை. மூச்சும் முனகலும் கலந்த ஒன்று. பேச்சு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கற்ற மாடல் மழையிலும் பேச்சைத் தேடியிருக்கிறது. இந்த வகை மாடல்களில் இரைச்சல் மிகும்போது இது வரும் என்பது துறைக்குத் தெரிந்த ஒன்றுதான். முதலில் சாதாரண மாடலால் இரைச்சலைக் குறைத்துவிட்டு, அதன் வெளியீட்டை ஆக்க மாடலுக்குக் கொடுக்கும் இரட்டை அமைப்பு 2023 வாக்கில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த அறைக் குழந்தையின் குரல் சில இடங்களில் பெரியவர் குரலோடு கலந்து, அவரே கீச்சுக் குரலில் ஓர் அசை சொன்னதுபோல் ஆகியிருந்தது. மாடலுக்கு அதுவும் பேச்சு, இதுவும் பேச்சு. யாரை வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லையே.

வெட்டி ஒட்டுவதிலும் ஒரு கண்ணி இருந்தது. 74 நிமிடத்தை ஒரேயடியாக ஓட்ட நினைவகம் போதாது. துண்டு போட வேண்டும். வழக்கமாகத் துண்டுகளைக் கொஞ்சம் மேற்பொருத்தி, ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்டி இணைப்போம். ஆக்க மாடலில் மேற்பொருந்தும் இடத்தை இரண்டு துண்டுகளும் வேறு வேறு விதமாக ஆக்கியிருக்கும். இணைத்தால் ஒரு நொடிக்கு இரட்டைக் குரல். பேச்சில்லாத இடமாகப் பார்த்து வெட்டியதும் அது போனது.

தமிழ் ஒலிகளைப் பற்றி நான் நினைத்ததும் தவறாகப் போனது. இந்தத் துறையில் பயிற்சிக்கும் சோதனைக்கும் மிகப் பரவலாகப் பயன்படும் தரவுத் தொகுப்பு ஒன்று, 28 பேர் ஆங்கிலம் வாசித்ததிலிருந்து உருவானது. ஆகவே முதலில் பலியாவது ழகரமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ழகரம் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. யோசித்தால் காரணம் இருக்கிறது: பல ஆங்கிலப் பேச்சு வழக்குகளின் 'ஆர்' ஒலி ழகரத்துக்குப் பக்கத்து வீடு. நாக்கு எங்கும் ஒட்டாமல் வளைவதும், மூன்றாவது ஒத்ததிர்வு (வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அலைவரிசைகளில் மூன்றாவது) கீழே இறங்குவதும் இரண்டுக்கும் பொது. என் காதுக்கு அடிபட்டதாகப் பட்டவை ளகரமும் ணகரமும். 'பள்ளம்' மழைப் பகுதியில் 'பல்லம்' பக்கம் சாய்ந்தது. அவை நாவை மடித்துத் தொடும் ஒலிகள். ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனி இடம் இல்லை. நாவை மடிப்பதன் அடையாளம் பெரும்பாலும் முன்னால் வரும் உயிரின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அந்தச் சிறு வளைவை மழை மூடிவிட்டால், மாடல் தனக்குப் பழகிய பக்கம் வளைத்துவிடுகிறது.

மதிப்பெண் உதவுமா?

பெரிதாக உதவாது என்பது என் முடிவு. 2001-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரப்படுத்திய பெஸ்க் போன்ற, பேச்சொலியின் தரத்துக்கு மதிப்பெண் போடும் அளவைகளுக்கு ஒப்பிட ஒரு சுத்தமான மூலம் வேண்டும். அது இருந்தால் நான் ஏன் இரைச்சலை நீக்கப்போகிறேன்? மூலம் இல்லாமலே மதிப்பிடும் மாடல்களும் உண்டு. மனிதர்கள் கேட்டு எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்று கணிப்பவை. அவற்றுக்குப் பெரியவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. 'அறுவத்தாறு' கோப்புக்கும் 'எழுவத்தாறு' கோப்புக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணைத்தான் போட்டன. இரண்டுக்கும் கிணற்றுக் குரல் கோப்பைவிட அதிகம். பேச்சை எழுத்தாக்கும் மாடலைக் கொண்டு சரிபார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதுவும் தன் பங்குக்கு ஊகிக்கும்; ஊகங்களின் அடுக்கில் மூன்றாவது மாடி கட்டியதாகும்.

உருப்படியாக இருந்தது ஒரே ஒரு சோதனைதான். மோட்டார் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடப் பேச்சு ஓரளவு தெளிவு. அதில் என்ன சொல்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பதிவின் பிற்பகுதியில் அவர் பேசாத இடங்களிலிருந்து மழையையும் ஹாரனையும் தனியே வெட்டி எடுத்தேன். அவற்றைத் தெளிவான பேச்சின்மேல் வெவ்வேறு அளவில் கலந்து, மாடலில் ஓட்டி, கதை தெரியாத ஒருவரை எழுதச் சொன்னேன். இப்போது விடைத்தாள் நம் கையில் இருக்கிறது. அதே குரல், அதே அறை, அதே கைபேசி, அதே இரைச்சல்.

பேச்சு இரைச்சலைவிட 10 டெசிபெல் உரக்க இருந்தவரை எழுதியதும் பேசியதும் ஒத்துப்போயின. இரண்டும் சம அளவுக்கு வந்தபோது, அதாவது 0 டெசிபெலில், சொற்கள் நழுவத் தொடங்கின. அதற்கும் கீழே போனால் வாக்கியம் அழகாகக் கேட்கிறது, பொருள் மட்டும் வேறு. கிணற்றுக் குரல் மாடலிலும் அந்த அளவில் பிழைகள் வந்தன. ஆனால் அங்கே எழுதியவர் 'கேட்கவில்லை' என்று இடம் விட்டிருந்தார். ஆக்க மாடலின் வெளியீட்டில் அவர் இடமே விடவில்லை. என்னை மிகவும் தொந்தரவு செய்தது அதுதான்.

வேலையை மாற்றிய விதம்

ஆக்க மாடலைத் தூக்கி எறியவில்லை. அதன் பலவீனத்தையே கருவியாக வைத்துக்கொண்டேன். முழுப் பதிவையும் வெவ்வேறு சீரற்ற எண்களோடு பல முறை ஓட்டி, வெளியீடுகளின் ஸ்பெக்ட்ரோகிராம்களை (எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் படங்களை) ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எங்கே விலகுகின்றன என்று பார்த்தேன். விலகாத இடத்தில் மூலப் பதிவிலேயே போதிய தகவல் இருந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். விலகும் இடத்தில் மாடல் கற்பனை செய்கிறது. அந்த நொடிகளின் பட்டியல்தான் எனக்குக் கிடைத்த பயனுள்ள வெளியீடு. ஆனால் எல்லா முறையும் ஒத்துப்போனாலும் சரி என்று அர்த்தமில்லை. 'பல்லம்' எல்லா முறையும் 'பல்லம்'தான். சீரற்ற எண்ணைக் குலுக்கினால் தடுமாற்றம் வெளிவரும். பயிற்சியிலிருந்து வந்த சாய்வு வெளிவராது.

எழுத்தாக்கம் மூலப் பதிவிலிருந்தே நடந்தது. நல்ல ஹெட்ஃபோன், பக்கத்தில் கிணற்றுக் குரல் கோப்பு உதவிக்கு. பட்டியலில் இருந்த நொடிகளை இருவர் தனித்தனியே எழுதினார்கள். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில் சதுர அடைப்புக்குறி.

குடும்பம் கேட்பதற்கான ஒலிக்கு இரட்டை அமைப்பைப் பயன்படுத்தி, பட்டியலில் உள்ள நொடிகளில் மட்டும் மூலப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தேன். அங்கே வரும்போது ஹாரன் கேட்கும். மற்ற இடங்களிலும் மூலத்தின் விசிறிச் சத்தத்தை மெல்லிய அளவில் கீழே ஓட விட்டேன். முழு நிசப்தத்துக்கும் ஹாரனுக்கும் நடுவே தாவுவது காதைக் குத்தியது. விசிறி ஓடினால் அது ஒரே அறையாகக் கேட்கிறது. கோப்பின் பெயரிலேயே 'மாடலால் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். மூலக் கோப்பைத் தொடவில்லை. ஓட்டிய மாடலின் பதிப்பு, சீரற்ற எண், வெட்டிய இடங்கள் எல்லாம் ஓர் உரைக் கோப்பில் கூடவே இருக்கின்றன.

இதெல்லாம் குடும்பப் பதிவுக்குக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். வழக்குக்குப் போகும் பதிவாக இருந்தால் இதுவும் போதாது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நீதிபதி, செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கிய கைபேசிக் காணொளியைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். அது படம், இது ஒலி. இல்லாத புள்ளிகளை நிரப்பும் தொழில் ஒன்றுதான்.

ஆண்டு விஷயம் கடைசியில் ஒலியால் தீரவில்லை. ஐம்பதாவது நிமிடத்துக்கு மேல், வேறு பேச்சுக்கு நடுவில், "சேந்தப்ப எனக்கு இருவத்திரெண்டு வயசு" என்கிறார். அந்த இடத்தில் மழை விட்டிருக்கிறது. எந்த முறை ஓட்டினாலும் விலகல் இல்லை. பிறந்த ஆண்டு 1954 என்று பேரன் சொன்னார். கூட்டிப் பார்த்தால் எழுபத்தாறு. எழுத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், ஒலியிலிருந்து எடுக்கவில்லை, வயதிலிருந்து கணக்கிட்டது என்று குறிப்பு இருக்கிறது.

இன்னொன்று தீரவே இல்லை. கூலியைப் பற்றிப் பேசும் இடம். "மொதலாளிகிட்ட கூலி ஏத்தச் சொல்லிக் கே..." அப்போது ஒரு வண்டி ஹாரனோடு கடந்துபோகிறது. "கேட்டேன்" என்றாரா, "கேக்கல" என்றாரா? 'ட்ட', 'க்க' இரண்டுமே பெரும்பகுதி மௌனம். நாக்கு அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்தி வைக்கும் இடைவெளி. எந்த இடத்தில் அடைத்தது என்பதை மௌனத்தின் இரு ஓரங்களிலும் உள்ள, நொடியின் நூறில் சில பங்கே நீளமுள்ள வளைவும் வெடிப்பும்தான் சொல்லும். மௌனத்தையும் ஓரங்களையும் ஹாரன் நிரப்பிவிட்டது, சொல்லின் கடைசியையும் விழுங்கிவிட்டது. பத்து முறை ஓட்டியதில் பெரும்பாலானவை 'கேட்டேன்' பக்கம் சாய்ந்தன. வாக்கெடுப்பு மாதிரி அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வாக்குப் போட்டவர் பத்துப் பேர் இல்லை, தமிழே தெரியாத ஒரே ஆள் பத்துத் தடவை.

பேரனிடம் கேட்டேன். "தாத்தா எப்படியும் கேட்டிருப்பாரு" என்றார். அவருடைய அம்மா பக்கத்திலிருந்து, "அவரா? வாயே திறந்திருக்க மாட்டார்" என்றார்.

எழுத்தில் அந்த வரி இப்படி நிற்கிறது: மொதலாளிகிட்ட கூலி ஏத்தச் சொல்லிக் கே[ஹாரன், 1 நொடி, கேட்டேன் / கேக்கல].